சந்தேகத் தட்டு

எனக்கு நல்ல கண். இதை நானே சொல்லிக்கொள்வது தற்பெருமை என்றால் இருக்கட்டும், சொல்லத்தான் போகிறேன். பினாங்கில், பாயான் பாருவை ஒட்டிய தொழிற்பேட்டையில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் ஈயத்துளி பார்த்தவள் நான். மின்சுற்றுப் போர்டில் ஒவ்வொரு சிறு பாகத்தின் உலோகக் காலையும் ஒரு துளி ஈயம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அது சரியாக ஒட்டியிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நல்லதைப் பச்சைத் தட்டிலும் கெட்டதைச் சிவப்புத் தட்டிலும் போட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

கேட்கச் சுலபமாக இருக்கும். பளபளவென்று மின்னும் துளி உள்ளே ஒட்டாமல் ஏமாற்றும்; மங்கலாக, அழுது வடிந்த மாதிரி இருப்பது இரும்புப் பிடியாகப் பிடித்திருக்கும். அதனால் எங்கள் வரிசையில் இருந்த ஏழு பெண்களிடமும் மூன்றாவதாக ஒரு தட்டு உண்டு. கம்பெனி கொடுத்ததில்லை, கேன்டீனிலிருந்து நாங்களே எடுத்துவந்து வைத்துக்கொண்டது. பார்த்தவுடன் முடிவு செய்ய முடியாததை அதில் ஒதுக்கிவைப்போம். தேநீர் இடைவேளை முடிந்து வந்து புதுக் கண்ணோடு மறுபடி பார்ப்போம். ஷிப்ட் முடிவதற்குள் அந்தத் தட்டு காலியாகிவிட வேண்டும், ஏனென்றால் எழுதிக்கொடுக்கும் தாளில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன.

என் சந்தேகத் தட்டிலிருந்து சிவப்புக்குப் போவது அதிகம் என்று சூப்பர்வைசர் அம்மாவுக்குக் குறை. அவர் சீனப் பெண்மணி, நல்லவர்தான், ஆனால் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர். நல்ல போர்டுகளை வீணாகத் தள்ளுகிறாய் என்று மலாயில் சொன்னார். நானும் மலாயில், வரிசை முழுக்கக் கேட்கும்படி, உங்களுக்குத்தான் கண் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. மறுநாள் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டாவது கடிதம் வந்தால் வேலை போய்விடும். மலேசிய வெள்ளியின், அதாவது ரிங்கிட்டின், மதிப்பு விழுந்து பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. என் வீட்டுக்காரர் பட்டர்வொர்த்தில் ஓட்டிய கண்டெய்னர் லாரி வாரத்தில் பாதி நாள் சும்மா நின்றது. பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்த இன்ஜினியர் வந்து சேர்ந்தார். புக்கிட் மெர்தாஜாமில் கணக்கெழுத வந்த யாழ்ப்பாணத்துக் கிராணிக் குடும்பம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். என்னைவிட நாலு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார். நானும் விடாமல் அண்ணே என்றேன். கேமராவையும் கம்ப்யூட்டரையும் வைத்து, நாங்கள் பார்ப்பதை மெஷினுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. சப்போர்ட் வெக்டர் மெஷின் என்ற புது முறையில் செய்யப்போவதாகச் சொன்னார். எங்கள் வேலைக்கு உலை வைக்க வந்தவர் என்று மற்ற பெண்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கோ இது என்ன கூத்து என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

கேன்டீனில் உட்கார்ந்து விளக்கினார். ஒவ்வொரு ஈயத்துளியையும் படம் எடுத்து, அதன் வெளிச்சம், பருமன் எல்லாவற்றையும் எண்களாக்கினால், ஒவ்வொரு துளியும் தாளில் ஒரு புள்ளியாகிவிடும். நல்ல புள்ளிகளுக்கும் கெட்ட புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோடு போட வேண்டும். எத்தனையோ கோடுகள் போடலாம். இரண்டு பக்கமும் முடிந்தவரை அதிக இடம் விட்டுப் போகும் கோடு எதுவோ, அதைத்தான் இந்த மெஷின் தேடி எடுக்கும்.

நான் உடனே மடக்கினேன். "அண்ணே, ஈயம் குறைஞ்சாலும் ரிஜெக்ட், கூடுனாலும் ரிஜெக்ட். நல்லது நடுவுல இருக்கு. ஒரு கோட்ட வச்சு எப்படிப் பிரிப்பீங்க?"

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று படித்த மனிதருக்குத் தெரியாதா என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிரிண்டர் தாளின் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்த நாடாவைக் கிழித்தார். இரண்டு முனையிலும் சிவப்புப் பேனாவால் புள்ளிகள் வைத்தார், நடுவில் பச்சையால். மேசைமேல் நீட்டிவைத்தபோது ஒரே வெட்டில் பிரிக்க வழியில்லைதான். பிறகு இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கினார். நாடா தொட்டில் மாதிரி தொங்கியது. என்னிடம் ஒரு ஸ்கேலைக் கொடுத்து, குறுக்கே படுக்கையாகப் பிடிக்கச் சொன்னார். சிவப்பெல்லாம் ஸ்கேலுக்கு மேலே, பச்சையெல்லாம் கீழே. நாடாவை இப்படி வளைத்துத் தூக்கும் கணக்குக்குக் கெர்னல் என்று பெயராம். உண்மையில் எதையும் தூக்க வேண்டியதில்லை, தூக்கியிருந்தால் எந்தப் புள்ளிக்கு எது எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று மட்டும் கணக்கிட்டால் போதும் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மெஷினைப் பழக்க, எங்கள் ஏழு பேரிடமும் நல்லதும் கெட்டதுமாக மாதிரிகள் கேட்டார். அங்கேதான் நாங்கள் சொதப்பினோம். மெஷினைப் பழக்கத்தான் கேட்கிறார் என்று அவர் எத்தனை தரம் சொன்னாலும், எங்களைச் சோதிக்கத்தான் கேட்கிறார்கள் என்று எங்களுக்குள் முடிவாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைத் துடைத்துவைப்பது போல, யாரும் ஒரு சொல் சொல்ல முடியாத அழகான துளிகளையும், குருடருக்கும் தெரியும்படி கெட்டுப்போனவற்றையும் பொறுக்கிக்கொடுத்தோம். கண்ணைப் பற்றி இவ்வளவு பேசுகிற நானும் அதையே செய்தேன்.

கம்ப்யூட்டரில் ஒரு தப்புகூட வரவில்லை. வரிசையில் கொண்டுவந்து வைத்ததும் குட்டு வெளிப்பட்டது. கெட்டதைப் பச்சையில் விட்டது, நல்லதைச் சிவப்பில் தள்ளியது. மேனேஜர் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் சரியாகாவிட்டால் கேமராவை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். இன்ஜினியர் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அரைநாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். என் சந்தேகத் தட்டு அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. இது என்ன என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் புரிந்துவிட்டது.

"நாங்க உங்களுக்கு ரெண்டு ஓரத்த மட்டும்தான் குடுத்திருக்கோம் அண்ணே. நடுவுல உள்ளத ஒண்ணுகூட குடுக்கல."

அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் துளிகள்தான் கோட்டைத் தாங்கும், அவற்றைத்தான் சப்போர்ட் வெக்டர் என்கிறோம், தூரத்தில் நிற்பவை எத்தனை ஆயிரம் இருந்தாலும் பிரயோசனமில்லை என்றார். ஆனால் இரண்டு வாரத்தில் அப்படிப்பட்டவற்றுக்கு எங்கே போவது?

என்னிடம் இருந்தன. எச்சரிக்கைக் கடிதம் வந்த நாளிலிருந்து சேர்த்துவந்தேன். ஷிப்ட் தொடங்கும்போது ஈயம் ஒட்டும் மெஷினைச் சரிபார்க்க ஓட்டும் போர்டுகள் எப்படியும் குப்பைக்குத்தான் போகும். அவற்றில் சந்தேகமான துளிகள் உள்ள துண்டுகளை மட்டும் எடுத்து, அடியில் டேப் ஒட்டி என் தீர்ப்பை எழுதி, லாக்கரில் ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். என் கண் சரிதான் என்று என்றைக்காவது ஒருநாள் காட்டவேண்டும் என்ற வீம்பு. குப்பையே ஆனாலும் கம்பெனிப் பொருளை எடுத்துவைப்பது திருட்டு என்று விதியில் இருந்தது. வெளியே தெரிந்தால் இரண்டாவது கடிதம் நிச்சயம்.

மூன்று நாள் யோசித்துவிட்டு டப்பாவை அவரிடம் கொடுத்தேன். அவர் செய்த முதல் காரியம், என் டேப்பையெல்லாம் மறைத்துவிட்டு, துண்டுகளைக் கலைத்து, ஒரு வாரம் கழித்து என்னையே மறுபடி பார்க்கச் சொன்னது. எனக்குச் சுருக்கென்றது. என்னைச் சோதிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"மெஷின் உங்களப் பாத்துத்தானே படிக்குது அக்கா. முதல்ல உங்க கண்ணு நிலையா இருக்கான்னு தெரியணும்லா."

பார்த்தேன். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர, அன்று எழுதியதையே இன்றும் சொன்னேன். சில துண்டுகளை ஆய்வுக்கூடத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தார்கள். வெட்டுவாயும் என் பக்கமே பேசியது. மெஷினைப் பழக்கியபோது அது ஏழு துண்டுகளை ஒப்புக்கொள்ள மறுத்தது. எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுக்கச் சொன்னால் மெஷின் உருப்படாது, கொஞ்சம் மீறவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்றார். அந்த ஏழையும் நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மூன்று என் தப்பு. தப்புதான் என்று சொன்னேன். அதிலும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மேனேஜருக்குக் காட்டும் நாளுக்கு முந்தின மதியம் அவர் வந்து சொன்னார். "டப்பா எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க அக்கா. லேப்ல நான் சேத்ததுன்னு சொல்லிடறேன். உங்க பேரே வராது."

நல்ல மனசோடு சொன்னார். வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேரை வைத்துச் சோறு பொங்க முடியாது, இன்ஜினியர் சொல்கிறபடி விட்டுவிடு என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மறுநாள் பஸ்ஸில் போகும்போது நானும் அப்படியே முடிவு செய்துகொண்டேன்.

மேனேஜர் அறையில் நாங்கள் நாலு பேர்: மேனேஜர், சூப்பர்வைசர் அம்மா, இன்ஜினியர், போர்டுகளை எடுத்துக் கொடுக்க நான். மெஷின் புதுப் போர்டுகளை வரிசையாகச் சரியாகப் பிரித்தது. பிறகு இன்ஜினியர் ஒன்று செய்தார். முதலில் நாங்கள் ஏழு பேரும் கொடுத்த அழகான மாதிரிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன அல்லவா, அவை எல்லாவற்றையும் அழித்தார். டப்பாவிலிருந்து வந்த நூற்றுச் சொச்சம் புள்ளிகள் மட்டும் திரையில் மிச்சம். மறுபடி ஓட்டினார். கோடு இருந்த இடத்திலிருந்து அசையவில்லை.

மேனேஜர் திரையை நெருங்கி வந்து, இவற்றைப் பிரித்துக் கொடுத்தது யார் என்று கேட்டார். இன்ஜினியர் என்னைப் பார்க்காமலே வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்த பிறகு நிறுத்தவும் விருப்பமில்லை. டப்பா என்னுடையது, என் லாக்கரில் இருந்தது, விதி தெரிந்துதான் எடுத்தேன் என்று மலாயில் சொல்லிமுடித்தேன். சூப்பர்வைசர் அம்மா தரையைப் பார்த்தார். மேனேஜர் இன்ஜினியரிடம் திரும்பி, டப்பாவை ஆய்வுக்கூடத்துப் பொருளாகப் பதிவு செய்யச் சொன்னார். கடிதத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அந்தப் பதிவுத்தாளில், தீர்ப்புச் சொன்னவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. இன்ஜினியர் பேனாவை எடுத்துக்கொண்டு என் முழுப் பெயரைக் கேட்டார். அதுவரை அக்கா என்றே கூப்பிட்டவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. நிறுத்தி நிதானமாகச் சொன்னேன், அப்பா பெயரையும் சேர்த்து. துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை சுமந்து, சம்பளத்துக்கு ஒவ்வொரு முறையும் கைநாட்டு வைத்தவர் அவர். இன்ஜினியர் எழுதி முடித்ததும் தாளை என் பக்கம் திருப்பி, சரியா அக்கா என்று கேட்டார். இரண்டு பெயரையும் ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.