பட்டியலில் இல்லாத பாரிவாக்கத்தான்

அம்பத்தூரில் நாங்கள் கூடைப்பந்து ஆடும் டீமுக்குப் புதிதாக வந்த கோச், ஐ.டி. கம்பெனிக்காரர். எதையும் செல்போனில் போட்டுப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள், எத்தனை ஷாட்டை வீணடித்தார்கள் என்று கூட்டிக் கழித்து ஆளுக்கொரு மதிப்பெண் போட்டார். மாவட்டப் போட்டிக்குப் பன்னிரண்டு பேர் பட்டியல் வந்தபோது நான் முதலில் இருந்தேன். பாரிவாக்கத்திலிருந்து வரும் என் கூட்டாளி பட்டியலிலேயே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் கூடையில் பந்து போடுவது குறைவு, உண்மைதான். ஆனால் என்னைத் துரத்தி வருகிறவனின் வழியில் பீரோ மாதிரி நின்று மறிப்பது யார்? எதிராளியை முதுகால் அடக்கி வைத்து, துள்ளி விழும் பந்தை எங்கள் ஆள் கையில் சேரவிடுவது யார்? அதற்கெல்லாம் செல்போனில் கட்டம் கிடையாது. என் புள்ளிகளில் பாதி அவனுடையவை. கோச்சிடம் சொல்லிப் பார்த்தேன். நண்பன் என்பதால் நீ பேசுகிறாய் என்றார். பாரிவாக்கத்தானோ ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை பயிற்சி ஆட்டம். எங்கள் கிரவுண்டில் இரண்டு கேப்டன்கள் டாஸ் போட்டு, மாற்றி மாற்றிக் கூப்பிட்டு ஆள் பிரிப்பதுதான் வழக்கம். ஒரு பக்கம் நான். இன்னொரு பக்கம் அயனம்பாக்கத்துக்காரன். பட்டியலில் கடைசி ஆளாகத் தொற்றிக்கொண்டு இடம் பிடித்தவன். டாஸில் ஜெயித்த அவன், யோசிக்காமலேயே பாரிவாக்கத்தானைக் கூப்பிட்டான்.

அன்றைக்கு நான் எறிந்ததெல்லாம் வளையத்தில் இடித்து வெளியே வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாரிவாக்கத்தான் நின்றான். எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தோற்றோம்.

ஓரமாக உட்கார்ந்து பார்த்த கோச், அயனம்பாக்கத்தானை அழைத்து, ஏன் அவனை முதலில் எடுத்தாய் என்று கேட்டார்.

"ஜெயிக்கணும்ல சார். அவன் எதிர்ல நின்னா எவனும் பந்து போட முடியாது. இன்னாத்துக்கு அவன உட்டீங்கன்னே புரியல."

கோச் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் புதிய பட்டியல் வந்தது. பாரிவாக்கத்தான் இருந்தான். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் கடைசிப் பெயர் போயிருந்தது.

நான் உடனே அயனம்பாக்கத்தானுக்குப் போன் போட்டேன். கோச் பார்த்துக்கொண்டிருந்தாரே, இப்படி ஆகும் என்று தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும் மாமே. அதுக்குன்னு ஆள் பிரிக்கும்போது பொய்யா கூப்புட முடியுமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்புறம் போட்டி முடிகிறவரை அவன் கிரவுண்டுப் பக்கமே வரவில்லை.