வாய் நனைக்க ஒரு கரண்டி

காலில் அந்த வெள்ளைச் சப்பாத்து சத்தமே போடாது, அதைத்தான் சொல்ல வந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வாட்டில் படுத்து எழும்பிய எல்லோருக்கும் அது நினைவிருக்கும். கண்ணை மூடித் திறந்தால் தாதி கிறேஸ் மிசி கட்டிலடியில் நிற்பார். எப்போது வந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. போன கிழமை நெல்லியடிச் சந்தைக்குப் போன என் கணவரும் அப்படித்தான் வந்து நின்றார். படலை திறந்த சத்தம் கேட்கவில்லை. கையில் வெறும் பை.

"என்னப்பா, மரக்கறி எங்கை?"

"எங்கடை மிசி மோசம் போயிட்டாவாம். நாளைக்கு அடக்கமாம்" என்றார்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

மிசி உடுப்பிட்டிக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவருடைய தங்கை கேட்டபோது, நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், கோயிலைத் தவிர எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். "அதைத்தான் எழுதுங்கோ" என்றார். சரி, எழுதுகிறேன். ஆனால் இதில் என் பிழையும் வரும். அதை மறைத்தால் மிசியைச் சொல்ல முடியாது.

சில வருடங்களுக்கு முன் என் கணவருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. கண் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புவார். ஒப்பரேஷன் செய்யாவிட்டால் ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாள் குறித்தார்கள். முதல்நாள் பின்னேரமே மிசி வந்து, "விடிஞ்சால் ஒண்டும் குடுக்கக்கூடாது தங்கச்சி, தேத்தண்ணியும் கூடாது" என்று விரல் நீட்டிச் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

விடியப் பூசைக்கு முருகன் கோயிலுக்குப் போனேன். அபிஷேகப் பாலை ஐயர் ஒரு சின்னச் செம்பில் தந்தார். அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். வெளியே பனி, வயல் தெரியவில்லை, பனைகள் கழுத்து வரை மூடி நின்றன. பஸ் ஓடுகிறதா மிதக்கிறதா என்று தெரியாத ஒரு காலை. செம்பின் சூடு மட்டும் என் மடியில் இருந்தது. ஒரு கரண்டி கொடுத்தால் போதும், முருகன் உள்ளே போய்விடுவான் என்று நினைத்தேன். அது சாப்பாடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோயிலில் தந்தது எப்படிச் சாப்பாடாகும்?

நான் கொடுத்தது ஒரு கரண்டிதான். தாகத்தில் கிடந்த மனிசன் செம்பைப் பறித்து முழுவதையும் குடித்துவிட்டார்.

தள்ளுவண்டி வந்தது. மிசி கேட்டார், "காலமை ஏதும் குடுத்தனீங்களோ?"

"ஐயோ மிசி, பச்சைத் தண்ணி கூடக் குடுக்கேல்லை."

சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. மிசி குனிந்து இவர் முகத்தைப் பார்த்தார்.

"மீசையிலை என்ன வெள்ளை?"

"அது பிரசாதம் மிசி. கோயில் பால்."

மிசி தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்து நிறுத்தினார். "கோயில் பாலும் வயித்துக்குள்ளை போனால் பால்தான் தங்கச்சி" என்று சொல்லி, வண்டியைத் திருப்பச் சொன்னார். அன்றைய ஒப்பரேஷன் போய்விட்டது. இனி வெள்ளிக்கிழமைதான்.

எனக்கு வந்த கோபத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. "முருகன்ரை பாலைப் பற்றி வேதக்காரிக்கு என்ன தெரியும்?" என்று வாட்டே கேட்கக் கத்தினேன். எல்லோரும் பார்த்தார்கள். மிசி இவருடைய போர்வையைச் சரி செய்துவிட்டு, பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"முருகனோடை எனக்கு ஒரு கோபமும் இல்லை. மயக்கத்திலை அந்தப் பால் மேலை வந்து சுவாசத்துக்குள்ளை போனால் இவர் எழும்பமாட்டார். பிறகு உங்களுக்கு நான் என்ன சொல்லுறது? முருகனுக்குத்தான் நீங்கள் என்ன சொல்லுவியள்?"

அப்படியே கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் அண்ணை, அவருக்கும் அன்றுதான் ஒப்பரேஷன், "பிள்ளை, எனக்கும் அந்தச் செம்பிலை ஒரு மிடறு மிச்சம் இருக்கோ? நானும் வெள்ளிக்கிழமை வரைக்கும் தப்பியிருப்பன்" என்றார். வாட்டே சிரித்தது. மிசியும் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

இடையில் இரண்டு நாள். இவருக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ, என் கையாலேயே கெடுத்துவிட்டேனோ என்று கட்டிலடியில் இருந்து உருகினேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும், திரைச்சீலை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கும், மருந்து மணத்துக்குள் என் தேவாரம் எனக்கே எங்கோ தூரத்தில் கேட்கும். பாதியில் சொல் மறந்து நின்றால் மிசி தாண்டிப் போகும்போது, "விடாதேங்கோ, சொல்லுங்கோ, இவருக்கு நல்லா நித்திரை வருது" என்பார். ஒருமுறை நின்று, உங்கள் கோயில் எந்த வளைவில், காலைப் பூசை எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்டார். சும்மா கதைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் தேர்த்திருவிழா வரை சொல்லிமுடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் திருநீற்றுப் பையை ஒளித்துக்கொண்டு நின்றேன். மிசி அதைக் கண்டுவிட்டார்.

"பூசுங்கோ. நல்லா மூண்டு குறியாப் பூசுங்கோ. ஆனால் வழக்கம்போலை ஒரு துளி வாய்க்குள்ளை போட்டுவிடாதேங்கோ."

வேதக்காரிக்கு எங்கள் வழக்கம் எல்லாம் தெரிந்திருந்தது. இவர் கையில் கட்டியிருந்த காப்பு நூலை வெட்டவேண்டும் என்று ஒரு சின்ன மிசி கத்தரிக்கோலோடு வந்தபோதும், "வேண்டாம், விடு" என்று சொல்லி, நூலுக்கு மேல் வெள்ளைப் பிளாஸ்ரரைச் சுற்றி ஒட்டிவிட்டார்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. மயக்கம் தெளிந்த இவர் தண்ணீர், தண்ணீர் என்று உதட்டை அசைத்துக்கொண்டே கிடந்தார். நான் அசையவில்லை. தண்ணீர்ப் போத்தல் பக்கத்திலேயே இருந்தது, மிசியைக் கேட்காமல் அதைத் தொடவும் இல்லை. அடுத்தநாள் காலை வேலைக்கு வந்த மிசி, கைப்பையோடு நேரே எங்கள் கட்டிலடிக்கு வந்தார். பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, கரண்டியில் ஊற்றி என் கையில் தந்தார்.

"இப்ப குடுக்கலாம், தங்கச்சி. வாய் நனைக்க ஒரு கரண்டி."

அதற்குப் பிறகு யாரைப் பார்க்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், செம்பை வாசலில் வைத்துவிட்டு முதலில் கேட்பேன். "கேட்டிட்டுக் குடுங்கோ, கடவுள் கோவிக்கமாட்டார்" என்று மிசி சொன்னது என்னிடம் இருக்கிறது. அந்த நூல் பிளாஸ்ரரோடு எங்கள் சாமியறையில் இருக்கிறது. உடுப்பிட்டியில் மிசியின் சவப்பெட்டியடியில் நின்றபோது எனக்கு அவர்களுடைய பாட்டு ஒன்றும் தெரியவில்லை. வாய்க்குள் என் தேவாரத்தைத்தான் சொன்னேன். பாதியில் விடவில்லை.

இதை எழுதி முடித்து இவருக்கு வாசித்துக் காட்டினேன். கரண்டி என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. அந்தக் கரண்டியை வாயில் வைத்ததும் இவர், "தண்ணி மணக்குது" என்றார். மருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று நான் அதட்டினேன். ஆனால் எனக்கும் மணத்தது. பச்சைக் கற்பூரமும் சந்தனமும். எங்கள் முருகனுடைய தீர்த்தம்.