வயருக்குக் கீழே வைத்த பதக்கம்

தாழ்வுபாட்டில் அமிர்தநாயகம் வீடு எது என்று கேட்டால், "அந்த வாய் திறவா மனுசன்ர வீடோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த மனுசனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான், எடித். இருபத்தெட்டு வருஷமாக அவருக்கும் சேர்த்து நான்தான் கதைக்கிறேன். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் கதிரையில் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு, "ஓம்" என்று ஒரு சொல் சொல்லி எழும்பிப் போனவர். கறியில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவுவார். பிறகு நான் வாயில் வைத்துப் பார்த்து, "ஒரு வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா?" என்று கத்துவேன். அதற்கும் பதில் வராது.

எங்களுக்கு ஒரே பிள்ளை, நிறோஜன். சண்டைக் காலத்தில் மடுவில் அகதியாக இருந்தபோது ஒரு தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே அவனைப் பெற்றேன். ஞானஸ்நானத்தன்று ஒரு மடுமாதா பதக்கத்தைக் கறுப்பு நூலில் கோத்து அவன் கழுத்தில் கட்டினேன். மீசை முளைத்த பிறகும் அது அவன் கழுத்தில்தான் கிடந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால், தென்மேற்குச் சோளகக் காற்று தொடங்கின நேரம், என் மனுசனுக்குக் காய்ச்சல். "நீங்கள் படுங்கோ அப்பா, வலையை மட்டும் எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு நிறோஜன் எங்கள் ஃபைபர் வள்ளத்தில் தனியே போனான். காற்று திடீரென்று எழும்பியது. ஊரே தேடியது. மூன்றாம் நாள் கொண்டச்சிக் கரையில் அவனுடைய நீலத் தண்ணீர்க் கான் ஒதுங்கியது. அதன் பிடியில் நான் கட்டிவிட்ட சிவப்புத் துணி அப்படியே இருந்தது. எங்களுக்குத் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

அன்று காலையில் அவன் கழுத்தில் பதக்கம் இல்லை. நூல் இற்றுப்போயிற்று என்று முதல்நாள் பின்னேரம் நான்தான் கழற்றினேன். புது நூல் போட மறந்து, அலுமாரிப் பிடியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். பாவி நான். இதை யாருக்கும் சொன்னதில்லை, அவருக்கும் சொன்னதில்லை.

ஒரு வருஷம் போனதும் பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்து, நினைவுப் பூசை வைத்து, ஊர்க் கல்லறைகள் இருக்கிற சேமக்காலையில் ஒரு சிலுவை நட்டுவிடுவோம் என்றார். எனக்கும் அதுதான் விருப்பம். பிள்ளையின் பெயர் எழுதின ஓர் இடம் இருந்தால் அங்கே போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தலாம், குந்தியிருந்து அழலாம். மனுசன் மாட்டேன் என்றார்.

"வள்ளத்தைக் காணாமல் பூசை இல்லை."

"கடலுக்கடியில கிடக்கிறதை எங்கை போய்க் காணுறது?"

அவர் எழும்பி வெளியில் போனார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் கடலடியை அளக்க வெளிநாட்டுக் கூட்டம் ஒன்று வந்தது. அலுமினிய வள்ளம், சின்னது, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தோள் முட்டும். அதில் கடலடியைத் திரையில் காட்டுகிற மெஷின் ஒன்று. இவரை வள்ளம் ஓட்டக் கூப்பிட்டார்கள். மனுசன் ஆறு மாதம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். வேலை முடிந்தபோது பக்கம் நெளிந்த வள்ளத்தைக் கப்பலேற்றி என்ன செய்வது என்று இவரிடமே விட்டுவிட்டார்கள். பழைய மெஷினையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, கேட்காமலே வாய் திறந்தார்.

"எடித், இனி அவன்ர வள்ளத்தைத் தேடலாம்."

அந்த மெஷினுக்கு ஒரு கண் உண்டு. கையளவு கறுப்புக் குமிழ். அது வள்ளத்தின் பின்பக்கம், வெளியில், தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு நீள வயர் திரைக்கு வரும். கழற்றிக் கொடுத்த சாமானை மனுசன் தன் பாட்டில் பூட்டினார். கடல்காரனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், எதையும் வலைநூலால் இறுக்கிக் கட்டுவது. வயரையும் அப்படியே சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டினார். இரண்டாம் நாளே திரையில் கோடு கோடாக வந்தது, பிறகு இருட்டு. வயர் உள்ளுக்குள் நசிந்துவிட்டது.

மன்னார் ரவுணில் ஃபோனும் இந்த மெஷின்களும் திருத்துகிற றினாஸைக் கூட்டி வந்தேன். நல்ல பிள்ளை. வந்து பார்த்ததும் தலையில் கை வைத்தான்.

"அண்ணன், இது என்ன கள்ளனைக் கட்டின மாதிரிக் கட்டி வச்சிருக்கிறீங்க?"

நான் சிரித்துவிட்டேன். எவ்வளவோ நாளைக்குப் பிறகு.

றினாஸ் வயரைத் திருத்தி, எப்படிப் பூட்டுவது என்று காட்டினான். வள்ளத்தில் துளை போடக் கூடாது. பின்பக்கம் பெயின்றைச் சுரண்டி, ஒரு பிளாஸ்டிக் பலகையை ஒட்டி, அந்தப் பலகையில்தான் குமிழைப் பூட்ட வேண்டும். வயர் விளிம்புக்கு மேலால் உள்ளே வர வேண்டும். ஒரு சாணுக்கு ஒரு பிளாஸ்டிக் கிளிப் ஒட்ட வேண்டும், வயர் அதற்குள் அசையாமலும் இருக்க வேண்டும், நசியாமலும் இருக்க வேண்டும். எஞ்சின் திரும்புகிற இடத்தில் ஒரு வளையம் தளர விட வேண்டும். மிஞ்சின வயரை வெட்டாமல் சுருட்டி வைக்க வேண்டும். மனுசனுடைய தடித்த விரலுக்கு அந்தக் கிளிப் அடங்கவில்லை. கிழிந்த வலை பொத்திப் பழகின கை என்னுடையது, நான்தான் ஒவ்வொன்றாக ஒட்டினேன்.

"இன்னொண்டு" என்றான் றினாஸ். "செம்புக் கம்பி, பித்தளை ஆணி ஒண்டும் இதில படக் கூடாது, அக்கா. உப்புத் தண்ணிக்குள்ள அலுமினியத்தைத் திண்டு போடும்."

கேட்டேன். இந்த இரண்டு காதாலும் கேட்டேன்.

பிறகு ஆண்கள் இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். பலகை ஒட்டின பசை இன்னும் ஈரம். என் அப்பா புது வள்ளம் இறக்கும்போது ஒரு மாதா பதக்கத்தை மரத்தில் பதித்துவிட்டுத்தான் இறக்குவார். ஃபைபர் வள்ளம் வந்த பிறகும் எங்கள் வீட்டில் அதை விடவில்லை. இந்த வள்ளத்துக்கு யாரும் பதிக்கவில்லை. பிள்ளையைத் தேடப் போகிற வள்ளம் வெறுங்கழுத்தோடு போகலாமா? நான் சட்டைக்குள் வைத்திருந்த நிறோஜனின் பதக்கத்தை எடுத்தேன். முத்தமிட்டேன். அழுதுகொண்டே அதைப் பலகையின் கீழ் விளிம்பில், பெயின்ற் சுரண்டின இடத்தில், குமிழின் வயருக்கு நேர் கீழே வைத்து அழுத்தினேன். ஓரத்தில் கொஞ்சம் பசை பூசினேன்.

அது பித்தளை என்று என் மண்டைக்குள் வரவேயில்லை. அது மாதா.

வயர் நன்றாக நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு கிளிப்கூடக் கழரவில்லை. விடிய வலை இழுத்து மீனைக் கரையில் கொடுத்துவிட்டு, என் தம்பி ஜஸ்ரினைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போவார். கடலைக் கீற்றுக் கீற்றாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு கீற்று. வள்ளம் முழுநாளும் தண்ணீரில்தான் கிடந்தது. ஒவ்வொரு பின்னேரமும் அவர் முகத்தைப் பார்ப்பேன். தலையை ஆட்டுவார், இல்லை என்று. பிறகு பிறகு நான் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் பெரிய வெள்ளி வந்தது. அன்று எங்கள் கரையில் ஒரு வள்ளமும் இறங்காது. மனுசனுக்கு அதுதான் வசதி. வலை இல்லை, போக்குவரத்து இல்லை, கடல் தளம் போட்ட மாதிரிக் கிடந்தது. ஜஸ்ரின் துள்ளி விழுந்தான்.

"அத்தான், உங்களுக்கென்ன விசரோ? ஆண்டவர் செத்த நாளில கடலுக்கோ?"

அவர் எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். தனியே விட்டு ஒரு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள் நான். முந்தானையைச் சொருகிக்கொண்டு ஓடிப்போய் வள்ளத்தில் ஏறினேன். அவர் வள்ளத்தைத் தள்ளிவிட்டு ஏறினார்.

வெக்கையில் கடல் மூட்டம் போட்டுக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கரை மறைந்தது. தீவில் நிற்கிற பெரிய காற்றாடிகள்கூடத் தெரியவில்லை. நான் நடுவில் இருந்து திரையைப் பார்த்தேன், அவர் பின்னால் இருந்து ஓட்டினார். திரையில் மணல், மணல், மணல். பத்து மணி இருக்கும், மணலில் ஒரு மேடு வந்தது.

"இஞ்சருங்கோ" என்று அவரைக் கூப்பிட்டேன்.

வள்ளத்தைத் திருப்பி இன்னொரு தரம் மேலால் போனார். மேடு மறுபடி வந்தது, நீளமாக, ஓரம் நேராக. மூன்றாம் தரம் மெதுவாகப் போனார். ஒரு நுனியில் ஒரு கட்டி உயர்ந்து நின்றது.

"கல்லுக்கு உப்பிடி நேர் ஓரம் இராது" என்றார். "அது எஞ்சின். எடித், அது அவன்ர எஞ்சின்."

நீளமும் சரியாக இருந்தது. எங்கள் வள்ளத்தின் நீளம் எனக்குத் தெரியாதா? இடத்தை மெஷினில் பதியப் பட்டனை அழுத்தினார். நான் திரையைக் கையால் தடவினேன், பிள்ளையின் தலையைத் தடவுகிற மாதிரி. அந்த நேரத்தில்தான் கால் நனைவது தெரிந்தது.

பின்பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர். திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது எவ்வளவு நேரமாக ஏறிக்கொண்டிருந்ததோ தெரியாது. நான் தவழ்ந்து போய்ப் பின்சுவரைக் கையால் துழாவினேன். ஓர் இடத்தில் விரல் உள்ளே போனது. ஓரமெல்லாம் வெள்ளைத் தூள். விரலை இன்னும் விட்டேன். வட்டமாக, வழவழப்பாக ஒன்று விரல்நுனியில் பட்டது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

முந்தானையைக் கிழித்து அடைத்தேன். அடைக்க அடைக்க ஓரம் பிஸ்கட் மாதிரி உடைந்தது. ஓட்டை அகலமாகி, பதக்கம் என் உள்ளங்கைக்குள் வந்து விழுந்தது. வெளியில் அந்தப் பலகை, பெயின்ற் சுரண்டின தகட்டோடு சேர்ந்து பிய்ந்துபோய், நான் ஒட்டின வயரில் தொங்கியது. வயர் மட்டும் கழரவில்லை. பற்றரிக்குள் தண்ணீர் போனது, திரை இருண்டது. மனுசன் கானால் இறைத்தார், நான் சோற்றுச் சட்டியால் இறைத்தேன். எஞ்சின் நின்றுவிட்டது.

அன்று கடலில் நின்றது முஸ்லிம் ஆட்களின் வள்ளங்கள்தான். சிலாவத்துறைப் பக்கத்துப் பக்கீர் எங்கள் கூச்சல் கேட்டு வந்தார். "தங்கச்சி, கையைத் தாங்க" என்று என்னை முதலில் ஏற்றினார், பிறகு இவரை. கயிறு போட்டு எங்கள் வள்ளத்தை இழுத்தும் பார்த்தார். பின்பக்கம் தாழ்ந்து அவருடைய வள்ளத்தையும் சேர்த்து இழுத்தது.

"வெட்டுங்கோ" என்றார் என் மனுசன்.

பக்கீர் கயிற்றை வெட்டினார். இடத்தைப் பதிந்து வைத்திருந்த மெஷினும் அதோடு போய்விட்டது. சுற்றிவரப் பார்த்தோம். அடையாளம் வைக்க ஒரு பனைகூடத் தெரியவில்லை. இழுபட்டு வந்த தூரமும் தெரியாது.

பெரிய வெள்ளியில் கடலுக்குப் போனதற்குக் கிடைத்த தண்டனை என்று ஊர் சொல்கிறது. சொல்லட்டும்.

அடுத்த நாள் காலையில் மனுசன் வாசலில் குந்தியிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்து, கையை விரித்துப் பதக்கத்தைக் காட்டினேன்.

"நான்தான் வைச்சனான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"நீ வைச்ச அடுத்த நாளே. வள்ளத்தைக் கழுவேக்க கண்டனான்."

"றினாஸ் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருந்ததோ?"

"இருந்தது."

"பிறகேன் எடுக்கேல்லை?"

"அவன்ர கழுத்தில கிடந்தது. நீ அழுது அழுது வைச்சிருப்பாய் எண்டு தெரியும். அதை என்னண்டு பிடுங்கிறது? அது ஓட்டை போட முன்னம் அவன்ர வள்ளத்தைக் கண்டுபிடிச்சிடலாம் எண்டு நினைச்சனான்."

ஒரு வார்த்தை. மனுசா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே என் கையால் பிடுங்கியிருப்பேன். கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அலுமாரிப் பிடியில் மாட்டின கதையை நான் அவருக்குச் சொன்னேனா? நானும் சொல்லவில்லை. அப்போதுதான் சொன்னேன். அவர் என் கையிலிருந்த பதக்கத்தையே பார்த்தபடி முழுக்கக் கேட்டார்.

"சுவாமியிட்டப் போய்ச் சொல்லு" என்றார் முடிவில். "பூசையை வைக்கட்டாம். குழி வெட்டித் தாக்கிறதுக்கு உது இருக்குத்தானே."

உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு கழிந்த திங்கட்கிழமை சேமக்காலையில் ஒரு முழக் குழி வெட்டினார்கள். பதக்கத்தை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி நான்தான் வைத்தேன். அதில் வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. நிறோஜன் என்று எழுதின சிலுவையை நட்டார்கள். மூன்று வருஷமாக நான் மன்றாடிக் கேட்டது அதுதான்.

மனுசன் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. காலையில் எழும்பி வாசலில் குந்துகிறார். கறியில் உப்பு இல்லாவிட்டால் இப்போது எனக்கும் தெரிவதில்லை. அவருக்கும் சேர்த்துக் கதைத்தவள் நான். இப்போது நானும் கதைப்பதில்லை.