கீழ்த்தட்டு ஒயின்களுக்குச் சீட்டு எழுதியவர்

என் தங்கை வீட்டுக்காரரைக் கடையில் எல்லாரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பார்த்தால் அப்படியொன்றும் பெரிய மூக்கு இல்லை, சப்பை மூக்குதான். ஆனால் ஒரு ஒயின் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாரென்றால், அது எந்தச் சாப்பாட்டோடு சேரும், எதோடு சண்டை போடும் என்று சொல்லிவிடுவார். அந்த ஒயின் கடையில் கீழ்த்தட்டு முழுக்க அவர் பொறுப்பு. கீழ்த்தட்டு என்றால் முழங்காலுக்குக் கீழே இருக்கிற வரிசை. விலை குறைந்த பாட்டில்களை அங்கேதான் அடுக்குவார்கள். காசு இருக்கிறவன் குனிய மாட்டான் என்பது கடைக்காரர்கள் எண்ணம்.

பெட்டி இறக்குகிற வேலைக்குத்தான் முதலில் அங்கே சேர்ந்தார். யாரும் சீண்டாமல் தூசி படிந்து கிடந்த ஒரு சிவப்பு ஒயினை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு என் தங்கை தக்காளி போட்டுக் கோழி வேகவைத்திருந்தாள். அதோடு குடித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு அட்டையில் எழுதி அந்தப் பாட்டில்களுக்கு முன்னால் சொருகினார். ‘தனியாகக் குடித்தால் திட்டுவீர்கள். தக்காளி போட்ட கோழியோடு குடித்தால் இன்னொரு கிளாஸ் கேட்பீர்கள்.’ அந்த வாரமே அத்தனையும் விற்றுப் போனது. முதலாளியம்மா கெட்டிக்காரி. பெட்டி தூக்குகிற வேலையிலிருந்து எடுத்து, கீழ்த்தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அதிலிருந்து அவர் சீட்டு எழுதுவார், ஜனங்கள் அதைப் படித்து வாங்குவார்கள். ‘முந்தாநாள் மிச்சக் கறிக்கு.’ ‘முட்டை மட்டும் இருக்கிற வீட்டுக்கு.’ ‘மாமியார் சமைத்தால் இது. ஜில்லென்று குடியுங்கள், ஒன்றும் தெரியாது.’ இதற்காக ஒரு மாமியார் கடைக்கே வந்து கத்திவிட்டுப் போனதாகவும் கேள்வி. போகும்போது அதிலேயே இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போனாளாம்.

புதிதாக வருகிற மாதிரிப் பாட்டில்களை வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு எடுத்து வருவார். தங்கை என்ன சமைத்திருக்கிறாளோ அதில் ஒரு வாய், ஒயினில் ஒரு மடக்கு. மறுபடி ஒரு வாய், அடுத்த பாட்டிலில் ஒரு மடக்கு. குடிகாரர்கள் இல்லை, வாய் நனைகிற அளவுக்குத்தான். எனக்கு அந்தச் சமாசாரமே பிடிபடாது. இருமல் மருந்தைப் பெரிய பாட்டிலில் ஊற்றி விற்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்த ரெண்டு பேரும் உட்கார்ந்து சிரித்துப் பேசுவது அந்த மேஜையில்தான் என்று எனக்குத் தெரியும். மற்ற நாட்களில் அவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசிவிட்டால் ஆச்சரியம்.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஜுரம் வந்தது. ஜுரம் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் அவரும் சளி என்றுதான் நினைத்தார். ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், பால் பொங்கி, தீய்ந்து, பாத்திரம் கருகிப் புகைகிறது. மனுஷன் தலையைத் தூக்கவில்லை. குளித்துவிட்டு வந்த தங்கை கத்தின கத்தலில்தான் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணுமே தெரியலையே” என்றார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. டாக்டர், வாசனை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாராம். இதைச் சொல்ல ஒரு டாக்டர், அதற்கு ஒரு வரிசை, வரிசையில் உட்கார ஒரு டோக்கன்.

கடைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். இந்த வயதில் மறுபடி பெட்டி தூக்க வேண்டும், அல்லது வீட்டில் உட்கார வேண்டும். அதனால் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. வியாழக்கிழமைகளில் அவள் முகர்ந்து, குடித்து, சாப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று சொல்வாள். அவர் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எதை வாங்கலாம் என்று கடையில் சொல்வார், சீட்டும் எழுதுவார். மாதக்கணக்கில் இப்படியே ஓடியிருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது, நான் அவர்கள் வீட்டுக்குப் போன வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை கடையில் ஒரு மேஜை போட்டு, புதிதாக வந்திருக்கும் ஒரு வெள்ளை ஒயினை வாடிக்கையாளர்களுக்கு ஊற்றிக் கொடுக்கப் போகிறார்கள். அவர் பேச்சை நம்பி முதலாளியம்மா இதுவரை வாங்காத அளவுக்கு அதை வாங்கி அடுக்கியிருந்தாள். தொட்டுக்கொள்ள என் தங்கை செய்கிற மீன். மீன் சுத்தம் பண்ணக் கை உதவிக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த மீனையே எனக்கும் போட்டாள். பூண்டும் எலுமிச்சையும் தடவி வறுத்தது. ஒரு வாய் வைத்தேன். வைத்த வாயை எடுத்துவிட்டேன்.

“என்னடி இது? மீனைக் கடல்லேருந்து எடுத்தியா, இல்ல கடலையும் சேர்த்து எடுத்தியா?”

“ஏன்க்கா?”

“உப்புடி! நாக்கே தோலுரிஞ்சு போகும்போல இருக்கு. புளிப்பு வேற. எத்தனை எலுமிச்சம்பழத்தைக் கொன்ன?”

அவள் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டு மென்றாள். “சரியாத்தானே இருக்கு” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது.

நான் விடவில்லை. தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு நோண்டி நோண்டிக் கேட்டேன். அப்போதுதான் மூக்கு விஷயத்தைச் சொன்னாள்.

“காகிதத்தை மெல்ற மாதிரி சாப்பிடுவாருக்கா. பாக்கச் சகிக்கல. ஒருநாள் கை தவறி உப்பு கொஞ்சம் கூடப் போயிடுச்சு. ‘இன்னைக்கு என்னவோ தெரியுதே’ன்னாரு. அந்த முகத்தை நீ பாத்திருக்கணும். அப்புறம் நானே கொஞ்சம் கொஞ்சமா…”

“நீயும் அதையே தின்ன?”

“ரெண்டு பேருக்கு ரெண்டு சட்டியா வெப்பாங்க?”

வாசனை இல்லாத நாக்குக்கு உப்பும் புளிப்பும்தான் மிச்சம். அதைத்தான் கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கிறாள். தினம் அதையே சாப்பிட்டு அவள் நாக்கும் அந்த இடத்துக்குப் போய்விட்டது. எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. ஆனால் நாளைக்கு நாலு பேர் முன்னால் இந்த மீனை வைத்தால் மானம் போகும். அதைச் சொன்னேன்.

“வீட்டுல என்னமோ பண்ணிக்கோ. கடைக்கு உப்பு நான் சொல்ற அளவு போடு. இல்லேன்னா எல்லாரும் உன் மூஞ்சியிலதான் துப்புவாங்க.”

அவள் பயந்துபோய்த் தலையாட்டினாள். மறுநாள் காலையில் நான் பக்கத்தில் நிற்க, அவள் உப்புப் போட்டாள். எலுமிச்சையும் பாதிதான் பிழிந்தாள். அவர் அதற்கு முன்பே கடைக்குப் போய்விட்டார். எதை மாற்றினோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை. உப்பைச் சரியாகப் போடுவதில் சொல்ல என்ன இருக்கிறது?

கடையில் கூட்டம் நன்றாகவே இருந்தது. மூக்கர் தேய்த்த சட்டை போட்டு மேஜைக்குப் பின்னால் நின்றார். முதலில் வந்தவர் ஒரு டெய்லர், மூக்கர் எழுதுகிற சீட்டுக்கென்றே வருகிற ஆள்.

“உங்க சீட்டைப் பாத்துட்டுத்தான் நான் வீட்டுல என்ன சமைக்கணும்னே சொல்றது” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மீனைத் தின்றார். “அடடா, யாரு பண்ணது?” என்றார். தங்கைக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பிறகு கிளாஸை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

“என்னங்க இது? பல்லு கூசுது!”

அடுத்து ஒரு அம்மாள். உதட்டைத் துடைத்துக்கொண்டே, “வினிகரை ஊத்திட்டீங்களா மாத்தி?” என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற ரெண்டு பேர் மீனை மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மீன் தட்டு காலி, கிளாஸ்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. சாப்பாட்டுக்கடை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

மூக்கர் ஒரு கிளாஸை எடுத்துக் குடித்தார். பிறகு தட்டில் மிச்சமிருந்த மீன் துணுக்கை வாயில் போட்டு மென்றார். என் தங்கை பக்கம் திரும்பினார். குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

“உப்பைக் குறைச்சியா?”

“அக்கா சொன்னா…”

“எலுமிச்சை?”

“அதுவும் பாதிதான்.”

கண்ணை மூடித் திறந்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எனக்கு அவர் பிற்பாடுதான் விளக்கினார். உப்பும் புளிப்பும் தூக்கலாக இருக்கிற சாப்பாட்டோடு குடித்தால், எப்பேர்ப்பட்ட புளித்த ஒயினும் சாதுவாகத் தெரியுமாம். உப்பு குறைந்ததும் அதன் சுயரூபம் வெளியே வந்துவிடுமாம். தங்கை தன் வீட்டுச் சாப்பாட்டோடு குடித்துவிட்டு ‘மெத்துனு இருக்கு’ என்று சொன்னதெல்லாம் அந்த வீட்டுக்கு மட்டும்தான் உண்மை. வாசனை இருந்திருந்தால் முதல் வியாழக்கிழமையே கண்டுபிடித்திருப்பார்.

முதலாளியம்மா இதையெல்லாம் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, அந்த ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் வேறொரு கிளாஸ், சிவப்பு.

“மூக்கரே, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

கெட்டுப்போனது என்று யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பாட்டிலாம் அது. கார்க் பூஞ்சை பிடித்தது. கை நீட்டுகிற தூரத்தில் நின்ற எனக்கே ஈரச்சாக்கு நாற்றம் குப்பென்று அடித்தது. தங்கைக்கும் அடித்திருக்கிறது, என் கையைப் பிடித்து நசுக்கினாள். ஏதாவது சைகை காட்டலாமென்றால் முதலாளியம்மா எங்களையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுழற்றினார். மூக்கை வைத்து நிதானமாக, முன்பெல்லாம் செய்கிற மாதிரியே முகர்ந்தார். குடித்தார்.

“பரவாயில்லைங்க. காளான் போட்டு ஏதாவது சமைச்சா சேரும்.”

டெய்லர் தரையைப் பார்த்தார். முதலாளியம்மா கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“எப்போலேருந்து?” என்றாள்.

அவர் பொய் சொல்லவில்லை. “மழைக்காலத்து ஜுரத்துலேருந்து.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா வெச்சிருப்பீங்களாம்மா?”

முதலாளியம்மா கெட்டவள் இல்லை. சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். “திங்கக்கிழமையிலேருந்து குடோன் பக்கம் வாங்க. கீழ்த்தட்டை வேற யாராச்சும் பாத்துக்கட்டும்” என்றாள். அவர் “சரிம்மா” என்றார். போய்த் தன் சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கக் குனிந்தார். “அது இருக்கட்டும்” என்று அவள் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தைக் கீழே வைத்ததும் தங்கை என்மேல் பாய்ந்தாள்.

“உன்னை யாரு வந்து உப்பு பாக்கச் சொன்னா?”

“நீதானேடி கூப்பிட்ட.”

“மீன் கழுவத்தானே கூப்பிட்டேன்! வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா, மீன் உப்புன்னு திட்டிட்டுப் போயிருப்பாங்க. என்னைத்தானே திட்டியிருப்பாங்க!”

“இன்னைக்குத் தப்பிச்சா? வாங்கிட்டுப் போறவங்க அவங்கவங்க வீட்டுல உன் உப்பா போடுவாங்க? அடுத்த வாரம் தெரிஞ்சிருக்கும்.”

“ஒரு வாரமாவது இருந்திருப்பாருல்ல!” என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் சொன்னது சரிதான். ஆனாலும் எழுந்து போய் மீன் பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அவர் எங்கள் ரெண்டு பேரையும் சமாதானப்படுத்தவில்லை. சாப்பிடும்போது, முதல் முறையாக, உப்பு டப்பாவைத் தானே எழுந்து போய் எடுத்துவந்து தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “இனிமே உனக்குப் பிடிச்ச மாதிரி சமை” என்றார். மேஜையில் மாதிரிப் பாட்டில் ஒன்று பாதி மிச்சம் இருந்தது. யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கிளம்பினேன். தங்கை வாசல் வரைக்கும்தான் வந்தாள். அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லாதபோது என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“அக்கா, நீங்க ஒளிக்காம சொல்வீங்க. என் மேல நாத்தம் அடிக்குதா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன தம்பி கேக்கறீங்க?”

“எனக்குத் தெரிய மாட்டேங்குது. அவளைக் கேட்டா எப்பவும் இல்லேங்குறா. கடையில இவ்வளவு நாளும் ரெண்டு சட்டை மாத்திக்கிட்டு, யாரு பக்கத்துலயும் போகாமத்தான் நின்னேன்.”

கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன். நேற்றைய சட்டை.

“அடிக்குது தம்பி. வேர்வை. இந்தச் சட்டையைத் துவைக்கப் போடுங்க” என்றேன்.

“சரிங்கக்கா” என்றார். சங்கடப்படவில்லை, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்த மாதிரி இருந்தது. பஸ் தூரத்தில் வருவது தெரிந்ததும் என் பையைக் கையில் கொடுத்துவிட்டு ரெண்டு எட்டுப் பின்னால் தள்ளி நின்றுகொண்டார்.

“நாளைலேருந்து குடோன்ல பெட்டி தூக்கணும். தெனம் வேர்க்கும். அங்க யாரைப் போய்க் கேக்கறது?” என்றார்.

எனக்கு எதற்கும் பதில் இருக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.