ஜெசிந்தாவுக்கு வீடு கட்டியவர்

போன கிழமை எங்கள் வீட்டின் மேலுள்ள தண்ணீர்த் தாங்கியைக் கட்டிவிட இரண்டு பேர் வந்திருந்தார்கள். வங்கக் கடலில் தாழமுக்கம் என்று கைபேசிக்குச் செய்தி வந்த அன்று. வெறும் தாங்கியைக் காற்று தூக்கிக்கொண்டு போய் அயல் வளவில் போட்டுவிடும். நிரப்பியும் வைக்க வேண்டும், கட்டியும் வைக்க வேண்டும். அவர்களில் ஒருவர் நைலோன் கயிற்றை வெட்டினார். நுனி பிரியாமல் இருக்க லைட்டரால் அதைச் சுட்டு விரலால் அமத்தினார். உருகிய நைலோனின் மணம் படியால் இறங்கிக் குசினிக்குள் வந்தது. அந்த மணம் வந்தால் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சின்ன எரிச்சல் எழும்பும். வைத்தியரிடம் சொல்லக்கூடிய எரிச்சல் அல்ல. அதற்கு ஜெசிந்தா என்று பெயர்.

நான் நானாட்டான் பக்கம். எங்களுக்குப் புயல் என்றால் தண்ணீர். குளம் நிரம்புமா, கட்டு உடையுமா, வயல் மூழ்குமா என்பதுதான் பேச்சு. ஐப்பசி பிறந்தால் அப்பா விதைநெல் மூட்டைகளைப் பலகைக்கு மேல் ஏற்றுவார். உழவு இயந்திரத்தைக் கோயில் மேட்டில் கொண்டுபோய் விடுவார். கூரையைப் பற்றி யாரும் கவலைப்பட்டு நான் கண்டதில்லை. ஓட்டு வீடு. மழைக்கு முன் உடைந்த ஓட்டை மாற்றினால் அத்தோடு சரி.

கலியாணம் முடித்து மன்னார்த் தீவுக்குள், தோட்டவெளிக்கு வந்தபோதுதான் காற்றுக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்தேன். அரை மட்டத்துக்குக் கல், அதற்கு மேல் பலகை, அதற்கு மேல் தகரம். எங்கள் வீடும் அப்படித்தான். இவர், என் கணவர் சூசை, தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து திரும்பி வந்தவர். வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது தொழில். முகாமில் பக்கத்துக் குடிசையில் வளர்ந்தவள் ஜெசிந்தா. ஊர் திரும்பியபோதும் அவளுக்குக் கிடைத்த காணி எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தது. கணவன் கட்டாரில் வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகள்.

நான் அப்போது மன்னார் ரவுணில் ஒரு பத்திரிகையின் கிளைக் கந்தோரில் வேலை செய்தேன். செய்தி எழுதுவது, வந்ததைத் திருத்துவது, தொலைநகல் இயந்திரத்தைத் தட்டிச் சரிசெய்வது, எல்லாம் நான்தான். அங்கே எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், ஒருவர் சொன்னால் அது கதை, இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் செய்தி என்பது. அந்தப் பாடத்தை நான் மிகவும் மதித்தேன். வீட்டு விஷயத்திலும் அதைக் கைக்கொண்டேன் என்பதுதான் கோளாறு.

கலியாணம் முடிந்த முதல் ஐப்பசி. வேலை முடிந்து தலைமன்னார் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் எங்கள் ஒழுங்கை மரியத்தக்கா. மடியில் வெறும் மீன்கூடை. நல்ல வியாபாரமாக இருந்திருக்க வேண்டும்; வாய் நிறையக் கதை.

"என்ன பிள்ளை, உன்ர மனுசன் ஜெசிந்தாவுக்கு வீடு கட்டிக் குடுக்கிறாராமே?"

நான் அவவின் பக்கம் திரும்பினேன்.

"நல்ல மனுசன். எனக்கும் ஒருக்காக் கட்டித்தரச் சொல்லன்."

ஒருத்திக்கு ஒருவர் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார் என்றால் தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே கல்லையும் சீமெந்தையும் யாரும் நினைப்பதில்லை. பேரப்பிள்ளை கண்ட மரியத்தக்காவும் தனக்கொன்று கேட்கிறாவே என்று ஒரு கணம் திகைத்தேன். ஆனாலும் ஒருவர் சொன்னது கதைதானே. ஆகவே சந்தியில் இறங்கி நேரே ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். முதலாளி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"எங்கட ஆள் இஞ்ச வந்தவரோ, அண்ணை?"

"ஓம் தங்கச்சி, இப்பத்தான் கயிறு எடுத்துக்கொண்டு போறார். ஜெசிந்தா வீட்டுக்கெண்டு சொன்னவர்."

"அங்க வேலை எப்ப தொடங்கினது?"

"எப்பவோ? அது வருசா வருசம் நடக்கிறதுதானே."

வருசா வருசம்! அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கத்தான் கயிறு என்று நான் முடிவுகட்டியிருந்தேன். இரண்டு ஆதாரங்களும் கைக்கு வந்துவிட்டன. கந்தோராக இருந்தால் முதற்பக்கத்துக்கு அனுப்பியிருப்பேன். கையில் குடையோடு அடுத்த ஒழுங்கைக்கு நடந்தேன். ஜெசிந்தா வளவின் மறைப்பில் இரண்டு கழுதைகள் காற்றுக்கு முதுகு காட்டி நின்றன. இவர் தகரக் கூரையின் முகட்டில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஜெசிந்தா, வெட்டிய கயிற்றின் நுனியைச் சுட்டு விரலால் அமத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன, நேரத்துக்கு வந்திட்டீர்?" என்றார் மேலிருந்து.

"நீங்கள் வீடு கட்டுறீங்களாமே."

"ஓம். காத்து வரப்போகுதெல்லே. கட்டாட்டில் தகரம் பறந்திடும்."

அவர் எதுவும் விளங்காமல் சொன்னார். ஜெசிந்தாவுக்கு விளங்கிவிட்டது. என் முகத்தையும் குடையையும் பார்த்தாள். கயிற்றைக் கையில் வைத்தபடியே மண்ணில் குந்திவிட்டாள். அவ்வளவு சிரிப்பு.

"ஐயோ மச்சாள்! சின்னவீடெண்டே நினைச்சிட்டீங்கள்? இது சின்ன வீடுதான், வந்து பாருங்கோ. குனிஞ்சுதான் உள்ளுக்குப் போகவேணும்!"

அந்தக் கரையில் சோளகக் காற்று ஓய்ந்து வாடைக்காற்று எழும்பும் நாட்களில் 'வீடு கட்டியாச்சோ?' என்று கேட்பது 'சாப்பிட்டாச்சோ?' என்று கேட்பதுபோல. கூரைக்கு மேலால் கயிறு எறிந்து, இரண்டு பக்கமும் முளை அடித்து இறுக்கி, முளைக்கு மேல் மண்மூட்டை ஏற்றினால் வீடு கட்டியாயிற்று. நானாட்டானில் நாங்கள் வீட்டை ஒருமுறைதான் கட்டுவோம். இங்கே அவர்கள் வருடந்தோறும் கட்டினார்கள். அன்றைக்குப் பிறகு கொஞ்சக் காலம், கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "மச்சாள், எங்கட வீட்டையும் உங்கட மனுசன் கட்டித்தருவாரோ?" என்று பெண்கள் வரிசையாகக் கேட்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் கேட்பார்கள்.

சந்தேகம் அந்த முற்றத்திலேயே தீர்ந்துவிட்டது. பொறாமை அங்கேதான் தொடங்கியது.

ஏனென்றால் நான் நின்று பார்த்தேன். பார்ப்பது என் தொழில். மேலே இருப்பவர் கயிற்றை எறிவார். கீழே நிற்பவர் பிடித்து, சொல்லும்போது இழுத்து, சொல்லும்போது விட்டு, கடைசியில் முளையில் முடிய வேண்டும். மற்ற வீடுகளில் இந்த வேலை நடந்தால் அந்த ஒழுங்கையே சத்தமாக இருக்கும். "இழு! டேய் இழு! விடு! ஆர் விடச் சொன்னது?" இவர்கள் இரண்டு பேரும் பேசவேயில்லை. இவர் எறியும்போது கீழே பார்ப்பதில்லை. ஜெசிந்தா மேலே பார்ப்பதில்லை. இவர் ஒரு காலைத் தூக்கி வைக்கும்போது கயிறு தானாக இளகியது. கால் பதிந்ததும் இறுகியது. முகாமில் சின்ன வயதிலிருந்தே கூரைகளைக் கட்டிய பழக்கமாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். அது ஆறுதலாக இருக்கவில்லை. இன்னும் மோசமாக இருந்தது.

அதோடு, எங்கள் வீட்டை அடுத்த நாள்தான் கட்டினார். அதற்கும் ஜெசிந்தாதான் வந்து கயிறு பிடித்தாள். என் வீட்டு முற்றத்தில் நின்று நான் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

மற்ற ஆயத்தங்களிலும் அவள்தான் முதல். அவள் முருங்கையை வெட்டிவிட்டாள் என்று கண்ட பிறகுதான் மற்றவர்கள் கத்தியைத் தேடுவார்கள். பிளாஸ்டிக் கானில் குடிதண்ணீர், மூடியை இறுக்கிய போத்தலில் நெருப்புப்பெட்டி, வறுத்த மா, லாம்புக்கு எண்ணெய், கோழிகளுக்குக் கவிழ்த்த கடகம் எல்லாம் வானொலி வாயைத் திறப்பதற்கு முன்பே தயாராக இருக்கும். நான் என் பங்குக்கு அடையாள அட்டைகள், காணி உறுதி, ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாவற்றையும் மூன்று சொப்பிங் பைகளுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டிவைத்தேன். கலியாண அல்பத்தையும் அதற்குள் திணித்தேன். ஜெசிந்தா வந்து பார்த்துவிட்டு, "அடையாள அட்டை எடுக்கவேணுமெண்டா கலியாணப் படம் முழுக்கப் பாக்கவேணும் போல" என்றாள். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சொன்னது சரி என்பதும் பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் கயிற்றை நான் பிடிப்பது என்று தீர்மானித்தேன். எங்கள் வீட்டுக் கயிற்றையாவது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கந்தோர்க் கதிரையின் காலிலும் மேசைக் காலிலும் கயிற்றை முடிந்து பழகினேன். ஒருநாள் ஆசிரியர் தன் கதிரையை இழுக்க, என் மேசையும் பின்னால் வந்தது. "என்ன பிள்ளை, பத்திரிகை ஓடிப்போகாமலிருக்கக் கட்டுறீரோ?" என்றார். காரணம் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஐப்பசி வந்தது. புயல் எச்சரிக்கையும் வந்தது. அன்று காற்று முதல் வருடத்தைவிடக் கூடுதல். பனைகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

"இந்த முறை நான் பிடிக்கிறன்" என்றேன்.

"உமக்கு ஏன் இந்தக் கரைச்சல்? கை உரியும். ஜெசி வருவா."

"அவவுக்கு அவவின்ர வீடு இருக்கு. எங்கட வீட்டை நாங்கள் கட்டுவம்."

இவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஏணியை எடுத்தார்.

முதல் இரண்டு கயிறும் நன்றாக முடிந்தன. முடிச்சு இறுகியது. எனக்கு வந்த பெருமையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கலியாணத்தன்றுகூட அவ்வளவு இருந்ததில்லை. மூன்றாவது கயிறு முகட்டுக்கு மேலால் வந்தது. நான் பிடித்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தேன். இவர் வழக்கம்போலக் கீழே பார்க்கவில்லை. முகட்டைத் தாண்டி வைப்பதற்குக் காலைத் தூக்கினார். காற்று இரைந்தது.

"ஜெசி, விடு!"

நான் விடவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல. கூப்பிட்டது என்னை அல்ல, கை அசையவில்லை. அவ்வளவுதான். இறுகிய கயிறு அவருடைய குதிக்காலில் தட்டியது. அவர் சறுக்கி, தகரத்தில் தொப்பென்று இருந்தார். தகரம் பானையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டது. அவர் கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் கீழே பார்த்தார். மறுமுனையில் யார் நிற்கிறார் என்று கண்டார்.

ஒரு கையால் முகட்டைப் பிடித்து நிமிர்ந்து இருந்தார்.

"விடு" என்றார் பிறகு. பெயர் எதுவும் சொல்லவில்லை.

விட்டேன். வேலையை முடித்தோம். அவர் இறங்கி வந்து என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றையும் மாற்றிக் கட்டவில்லை. அந்தப் பெயரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் புயல் கடைசியில் வடக்கே திரும்பிவிட்டது. எங்களுக்கு மழையும் மூசும் காற்றும்தான் மிச்சம். ஊரில் எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் என் முடிச்சுகள் ஒரு நல்ல காற்றைக் காணவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு குறை. கூரை பறக்காமல் இருந்தது காற்று வராததாலா, நான் கட்டியதாலா என்று நிரூபிக்க வழியில்லாமல் போயிற்று.

இவர் விழுந்த இடத்தில் தகரம் பள்ளமாக நெளிந்திருந்தது. அதில் மழைத்தண்ணீர் தேங்கி, ஆணித் துளையால் குசினிக்குள் சொட்டியது. கீழே ஒரு சட்டி வைத்தேன். மழை விட்டதும் வந்த ஜெசிந்தா சட்டியைப் பார்த்தாள், அண்ணாந்து தகரத்தைப் பார்த்தாள்.

"இது எப்பிடி நெளிஞ்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார், "காத்து."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "நல்ல பாரமான காத்துத்தான், என்ன மச்சாள்?" என்றாள்.

இவர் வெளியே போய்விட்டார். நான் சட்டித் தண்ணீரை முற்றத்தில் ஊற்றினேன். அவள் அடுத்த வருடம் எங்கள் வீட்டுக் கயிற்றைப் பிடிக்க வரவில்லை. யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவளுடைய வீட்டை மட்டும் இவர்தான் தொடர்ந்து கட்டினார். நான் தடுக்கவில்லை, வேலை இருந்தால் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவும் இல்லை. வேலை எப்படியும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. ஒழுங்கை ஒழுங்கையாகத் தகரங்கள் இறங்கி, கல்வீடுகள் எழும்பின. நாங்கள் கொஞ்சம் கடன்பட்டு, ரவுண் பக்கத்தில் மேலுக்குக் கொங்கிரீட் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தோம். கட்டாரிலிருந்து திரும்பிய கணவனோடு ஜெசிந்தா வெள்ளாங்குளத்துக்குப் போய்விட்டாள். மகளை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறாள். மரியத்தக்கா இப்போது இல்லை. தோட்டவெளி ஒழுங்கைகளில் போன ஐப்பசியில் நடந்து பார்த்தேன். முளை அடிக்கும் சத்தம் ஒரு வளவிலும் இல்லை. பெண்கள் கதவைச் சாத்திவிட்டுக் கைபேசியில் வரும் வரைபடத்தில் புயல் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள்.

இவரும் அதைத்தான் பார்க்கிறார். போன கிழமை செய்தி வந்ததும் வெளியே போய் நின்று வெள்ளாங்குளத்துக்குக் கோல் எடுத்தார்.

"அங்க காத்து எப்பிடி?" என்று கேட்டார். பிறகு அந்தப் பக்கம் சொல்வதை நீண்ட நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

உள்ளே வந்ததும், "என்னவாம்?" என்றேன்.

"ஒண்டுமில்லை. உம்மைச் சுகம் கேட்டவ."

"காத்து என்னமாதிரியாம்?"

"பாரமில்லையாம்" என்றார். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. போய்க் கதிரையில் இருந்து பத்திரிகையை எடுத்தார்.

வெளியே காற்று எழும்பியிருந்தது. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று நிற்க இந்த வீட்டில் எதுவும் இல்லை; கொங்கிரீட் தானாக இருக்கும். இவர் ஓர் அறையில் இருப்பார், நான் மற்ற அறையில் இருப்பேன், புயல் மேலால் கடந்துபோகும். பிழையான பெயரைச் சொல்லியாவது என்னைக் கூப்பிடுவதற்கு அவருக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை.