நகத்தால் கீறிப் பார்த்திருந்தால்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற எனக்குச் செடிகளைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. படுத்த படுக்கையாகிவிட்ட என் மனைவி, தான் நட்ட செம்பருத்தியின் முதல் பூவுக்காக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். தாமதமாகப் பூக்கிற ரகம் அது. புரட்டாசியில் பூக்க வேண்டியது. ஆடி மாத உப்புக்காற்றில் இலைகள் கருகியதும், செடி பட்டுவிட்டதென்று முடிவுகட்டி முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினேன். வெட்டிய கொப்புகளுக்குள் பச்சை.

“நீங்க முடிவெட்டுத கடை வச்சிருக்கலாம்” என்று சிரித்தாள். “விடுங்க, தளுத்துரும். நான் இருந்து பாக்கத்தான போறேன்.”

ஐப்பசியில் அவள் போய்விட்டாள். செடி கார்த்திகையில் பூத்தது.

இப்போதெல்லாம் கொப்பை நகத்தால் கீறிப் பார்க்கிறேன். பச்சை தெரிந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுகிறேன். பிறகு, புத்தி வராதவன்போல, ஜன்னலைத் திரும்பிப் பார்க்கிறேன்.