மீனுக்கென்று ஒரு சிம்

மீன் வளர்ப்பவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. நாய் குரைக்கும், கோழி முட்டையிடும். மீன் என்ன செய்யும்? வாயைத் திறக்கும், மூடும். பதுளையில் ஒரே வகுப்பில் படித்த உரிமையில் இதை ஜெனிற்றாவின் முகத்துக்கு நேரே ஒருமுறை சொன்னேன்.

"நீயும் அதத்தானே செய்யுற. அது சத்தம் இல்லாம செய்யுது" என்றாள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஜெனிற்றா ஜோன்சனைக் கட்டிக்கொண்டு மடுல்சீமைக்குப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. ஜோன்சன் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறான். இவள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் டீச்சர். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளைக் காலையில் இவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டத்தான் முதலில் இரண்டு கப்பி மீன் வாங்கினாள். சின்ன விரல் நீளம்கூட இல்லாத, வால் மட்டும் சேலை முந்தானை மாதிரி விரிகிற மீன். மூன்றாம் நாள் இரண்டும் செத்து மிதந்தன. குழந்தைகள் அழவில்லை, இவள் அழுதாள்.

மறுபடி வாங்கினாள். மறுபடி செத்தன. பதுளையில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் ஷுக்ரி, டவுன் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும், ஒருநாள் வைத்திருந்து ஊற்றுங்கள் என்றார். ஜெனிற்றாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க தண்ணில ஒரு மருந்தும் கெடையாது. மலையில இருந்து நேரா பீலிக்கு வருது" என்றாள். மடுல்சீமைக்காரர்களிடம் ரோட்டைக் குறை சொல்லலாம், பஸ்ஸைக் குறை சொல்லலாம். குழாய் வழியே ஓயாமல் கொட்டுகிற அந்தப் பீலித் தண்ணீரைக் குறை சொல்லிவிட்டு ஒரு பிளேன்டீகூட வாங்கிக் குடிக்க முடியாது.

ஆனால் குறை அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. அதுவும் தற்செயலாகத்தான் தெரிய வந்தது. குளிருக்குப் பயந்து அவள் கண்ணாடித் தொட்டியை அடுப்படிச் சுவரோரம் வைத்திருந்தாள். வருஷா வருஷம் நத்தார் பண்டிகைக்கு ஜோன்சன் அடித்த சுண்ணாம்பு அந்தச் சுவரில் தடித்துப் போய், காய்ந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. தொட்டியிலும் விழுந்தது. அந்த வாரம் பார்த்து ஜெனிற்றாவுக்குக் காய்ச்சல். தொட்டியைக் கழுவ ஆளில்லை. எட்டாம் நாள் எழுந்து போய்ப் பார்த்தால், ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்த மீன்கள் தொட்டி முழுக்க ஓடித் திரிந்தன. பிறகு போனில் தேடிப் படித்துப் புரிந்துகொண்டாள். கப்பிக்குக் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் வேண்டும். நம் பீலித் தண்ணீர் அதற்கு அளவுக்கு மிஞ்சிய சுத்தம்.

அன்றிலிருந்து அவள் தொட்டியில் மீன் சாகவில்லை. ஒரு தொட்டி மூன்றானது. ஆனால் ஒரு குறை அவளை அரித்துக்கொண்டே இருந்தது. இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. ஜோன்சன் நல்லவன், தொட்டிக்குத் தண்ணீர் தூக்கித் தருவான், ஆனால் மீனைப் பற்றிப் பேசினால் நின்றுகொண்டே தூங்கிவிடுவான். பேஸ்புக்கில் மீன் வளர்ப்போர் குழுக்களில் சேர்ந்தாள். கொழும்பு, நீர்கொழும்பு, குருநாகல் என்று ஆளுக்கு ஆள் தொட்டி பார்க்க அழைத்துக்கொண்டார்கள். "மடுல்சீமைப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?" என்று இவள் எழுதியதற்கு, அது எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான் வந்த பதில்.

தோட்டத்திலோ சிரிப்புத்தான். பீலியில் இவள் வாளி வைக்கும்போதெல்லாம், ஆறாம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் மாரியாயி எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுவாள்: "டீச்சர் வளக்குற மீனு கறிக்கும் ஆகாது, கருவாட்டுக்கும் ஆகாது. பாவம், தண்ணி தூக்கியே இடுப்பு போயிரும்." கொழுந்து பறிப்பதில் மாரியாயியை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. நக்கலிலும் கிடையாது.

மீனைப் பற்றிப் பேச எனக்கு ஒருத்தர் வேண்டும், ஒரே ஒருத்தர் போதும் என்று ஜெனிற்றா என்னிடம் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. அவள் கண் அப்படி இருந்தது.

போன வருஷம் தீனி வாங்கப் போன இடத்தில் ஷுக்ரி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "மேல தோட்டங்கள்ல இருந்து மாசத்துக்கு ஏழெட்டுப் பேர் வர்றாங்க டீச்சர். வாங்கிட்டுப் போவாங்க, செத்துப்போகும். ரெண்டு தடவ வருவாங்க. மூணாவது தடவ வர மாட்டாங்க."

"யாரு யாரு?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டாங்க. மீன் பைய மரக்கறிப் பைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு போயிடுவாங்க."

பஸ்ஸில் ஏறி பசறை தாண்டும் வரை ஜெனிற்றா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். லயத்தில் எதை ஒளிக்க முடியும்? கோழி கூவும், ஆடு கத்தும், புருஷன் பெண்டாட்டி சண்டை நான்காம் வீட்டுக்குக் கேட்கும். மீன் ஒன்றுதான் சத்தம் போடாது. ஆகவே மீன் வளர்ப்பவர்கள் இல்லாமல் இல்லை. தன்னைப் பார்த்து ஊர் சிரித்ததைப் பார்த்து, ஒளித்து வைத்திருக்கிறார்கள். பிறகு ஒளித்து வைத்த இடத்திலேயே மீன் செத்து, யாரிடமும் கேட்க முடியாமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்த கிழமையே மறுபடி ஷுக்ரியின் கடையில் போய் நின்றாள், கையில் வெட்டிய துண்டுக் காகிதங்களோடு. "மீனுக்குச் சுகமில்லை என்றால் கொட்டிவிடாதீர்கள். இந்த நம்பருக்குப் பேசுங்கள்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. மேல் பக்கத்துக்குப் போகிற ஒவ்வொரு பையிலும் ஒன்றைக் கட்டிவிட வேண்டும் என்றாள்.

"மீன் சாகாட்டி எனக்கு யாவாரம் எப்பிடி டீச்சர் நடக்கும்?"

"செத்தா ரெண்டு தடவ வருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. உசுரோட இருந்தா தீனிக்கு மாசாமாசம் வருவாங்க."

ஷுக்ரி தாடியைத் தடவினார். பிறகு காகிதக் கட்டைக் கல்லாப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பெரிய சண்டை வீட்டில்தான் நடந்தது. பெண்பிள்ளை நம்பரை ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பதா என்று ஜோன்சன் குதித்தான். என் நம்பரைப் போடு என்றான். "நீ எடுத்தா ரோங் நம்பர்னு வச்சிருவ" என்றாள் இவள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. மீனுக்கென்று தனியாக ஒரு சிம். காகிதத்தில் பெயர் போடக்கூடாது. பேசும்போதும் பெயர் சொல்லக்கூடாது. ஜெனிற்றா ஒத்துக்கொண்டாள்.

முதல் மாதம் வந்த அழைப்புகளை இங்கே எழுத முடியாது. சும்மா இருந்த பயல்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அவள் அரசாங்கக் கச்சேரி கிளார்க் குரல் ஒன்றைப் பழகிக்கொண்டாள். எடுத்ததும், "என்ன மீன்? எத்தனை? எவ்வளவு நாள்?" என்று விறைப்பாகக் கேட்பாள். மீன் இல்லாதவன் அந்த மூன்று கேள்வியிலேயே ஓடிவிடுவான்.

சிக்னல் பிள்ளைக்காம்பரா ஜன்னலோரம்தான் ஒழுங்காக இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தைகளுக்குச் சோறு ஊட்டும் நேரத்துக்குச் சற்று முன், போன் அடித்தது. ஒரு பெண் குரல். மலைக் காற்று பாதியைத் தின்றது, மிச்சத்தைப் பேசியவளே அமுக்கிப் பேசினாள்.

"மீன் டாக்டருங்களா?"

"என்ன மீன்?"

"கப்பிங்க. அஞ்சு இருந்துச்சு, ரெண்டு போயிருச்சு. மத்ததும் ஒடம்ப ஒடுக்கிக்கிட்டு நடுங்குதுங்க."

நிஜமாகவே மீன் வைத்திருக்கும் ஒருத்தி! ஜெனிற்றா கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குரலை விறைப்பாகவே வைத்துக்கொண்டாள். "எந்த ஊர் நீங்க?"

"பதுளைக்குப் பக்கத்துலங்க."

"என்ன தண்ணி?"

"பீலித் தண்ணி. சுத்தமான தண்ணிங்க, அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது."

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலைப் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. ஒரு காதில் ஜன்னல் வழியாக ஊதியது, மறு காதில் போன் வழியாக ஊதியது. ஜெனிற்றா எட்டிப் பார்த்தாள். மேலே, கோயில் வளைவில், இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டியபடி ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, போனை முந்தானைக்குள் மறைத்து, மறு கையை இடுப்பில் ஊன்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்தில் அப்படி இடுப்பில் கை வைத்து நிற்பவள் ஒருத்திதான். மாரியாயி.

"ஏங்க, லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்ததாம். இத்தனை வருஷமாகப் பீலியில் வைத்து மானத்தை வாங்கியவள்! நான் என்றால் அங்கேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். ஜெனிற்றா கூப்பிடவில்லை. மருந்தை ஒழுங்காகச் சொன்னாள். பழைய சுவரில் உதிர்கிற காய்ந்த சுண்ணாம்புப் பொருக்கு, நகமளவு, துணியில் முடிந்து போட வேண்டும். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைப் போட்டால் அன்றைக்கே செத்துவிடும். வெளிச்சம் படுகிற இடத்தில் வையுங்கள் என்றும் சொன்னாள்.

"வெளிச்சத்துல வைக்க ஏலாதுங்க, ஆளுக பாத்துரும்" என்றது போன்.

அன்று சாயங்காலம் ஜெனிற்றா ஆறாம் லயத்துக்குப் போனாள். மாரியாயி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன டீச்சர், இந்தப் பக்கம்?"

"மாரியாயிக்கா, மூணு பேருக்கு நடுக்கம்னு போன் வந்துச்சு. பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

மாரியாயியின் வாய் திறந்தது, மூடியது. பிறகு நகர்ந்து வழிவிட்டாள். அலுமாரிக் கதவைத் திறந்தால், சேலை மடிப்புகளுக்குப் பக்கத்தில் கடையில் டொபி போட்டு வைக்கிற ஒரு பெரிய போத்தல். அதற்குள் மூன்று மீன்.

"கடைசி மக கேஷானியும் கொழும்புக்கு வேலைக்குப் போயிருச்சு. வீட்டுக்கு வந்தா அசையுற ஒண்ணு கண்ணுல படணும்ல டீச்சர். நாய்னா ஆளுக ஒண்ணும் கேக்காது. எனக்கு நாய் புடிக்காது."

ஜெனிற்றா தரையில் உட்கார்ந்தாள். மாரியாயியும் உட்கார்ந்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வரை பேசினார்கள்.

பத்து நாளில் மூன்றும் தேறின. பிறகு மாரியாயி டீச்சருக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தாள். உன் தொட்டியில் பாசி கூடிவிட்டது, நீ அளவுக்கு மிஞ்சித் தீனி போடுகிறாய் என்றாள். ஒரு மாதம் போல இப்படியே சண்டையும் சிரிப்புமாகப் போனது. ஒருநாள் சாயங்காலம் மாரியாயியின் போத்தலில் வயிறு பருத்த மீனைக் காட்டி ஜெனிற்றா, குட்டி போட இன்னும் பத்து நாள் ஆகும் என்றாள். "நாலு பெத்தவ சொல்லுறேன், விடிஞ்சா போட்டுரும்" என்றாள் மாரியாயி. இருவரும் கோபித்துக்கொண்டே பிரிந்தார்கள். அன்று ஜெனிற்றா வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்ததாக ஜோன்சன் சொன்னான். தன்னோடு மீனுக்காகச் சண்டை பிடிக்க ஒருத்தி கிடைத்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு.

மறுநாள் காலை பெரட்டு. யார் யார் எந்த மலைக்குப் பறிக்கப் போவது என்று பிரித்துவிடும் நேரம். தோட்டமே கூடி நிற்கும். பக்கத்தில் பிள்ளைக்காம்பரா வாசலில் ஜெனிற்றா குழந்தைகளை வாங்கிக்கொண்டிருந்தாள். மாரியாயி கடைசியாக ஓடி வந்தாள். வந்தவள் வரிசையில் நிற்கவில்லை. எல்லாருக்கும் நடுவில் நின்றுகொண்டு கத்தினாள்.

"டீச்சர்! போட்டிருச்சு! பதினேழு குட்டி! நான் சொன்னேன்ல!"

கூடி நின்றவர்கள் ஆளுக்காள் பார்த்துக்கொண்டார்கள். மாரியாயி வீட்டில் மீனா? யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள். மாரியாயி ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது. ஜெனிற்றாவுக்குக் கண் நிறைந்துவிட்டது, கையில் குழந்தை இருந்ததால் துடைக்க முடியவில்லை.

பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் அழகையா கங்காணி. முப்பது வருஷக் கங்காணி, வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"குட்டிகளப் பிரிச்சு வச்சியா இல்லையா? ஆத்தாக்காரியே தின்னுருவாளே."

பெரட்டு முழுக்கத் திரும்பிக் கங்காணியைப் பார்த்தது.